குரல் இழந்த ஆண்டு

அல்லாஹ் மனிதனுக்கு அருளிய பேறுகளில் குரலும் ஒன்று. கண்ணின் அருமையை இருளிலும் காலின் அருமையை வழிநடையிலும் உணர்கிறோம். குரலின் அருமையோ அது போன பிறகுதான் தெரிகிறது. 2015ஆம் ஆண்டில் நாம் நம் துணைவியாரின் குரலை இழந்தோம். பின்னர் நம் குரலையும் இழந்தோம். தமிழ் முஸ்லிம்கள் அனைவருக்கும் உரிய ஒரு பெருங்குரலும் அதே ஆண்டில்தான் அடங்கிற்று. பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஆண்டு நமக்குக் கற்பித்த பாடத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும் எனத் தோன்றுகிறது.

நாம் மதரஸாவில் ஓதி ஸனது பெற்று வந்து, 1990இல் பெரியகுளத்தில் இல்லறம் தொடங்கினோம். துணைவியார் தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள்களில் ஒரு டேப்ரிக்கார்டரும், நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் அடங்கிய நான்கைந்து கேசட்டுகளும் இருந்தன. அடுப்பங்கரையில் வேலை செய்துகொண்டே அவற்றைக் கேட்பார். கூடவே மெல்லப் பாடுவார். புதிதாகத் தலைப்பாகை கட்டிய ஆலிமின் மிடுக்கு அன்று நமக்கு இருந்தது. ஒருநாள், "ஓதுகிற வீட்டில் இது என்ன?" என்று அதட்டினோம். அவர் மறுமொழி கூறவில்லை. டேப்ரிக்கார்டரையும் கேசட்டுகளையும் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அதன் பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பாடி நாம் கேட்டதில்லை. நாம் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்றே மகிழ்ந்திருந்தோம்.

2014ஆம் ஆண்டு இறுதியில் மகளுக்கு நம் வீட்டில் தலைப்பிரசவம் ஆயிற்று. பேரனுக்கு நாற்பது நாள் நிறைந்து, மகள் தன் கணவர் இல்லம் சென்ற இரண்டாம் வாரத்தில் துணைவியார் வஃபாத்தானார். நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழவில்லை. மையவாடியில் மூன்று பிடி மண் இட்டுத் திரும்பிய நாம், நான்காம் நாளே மதரஸாவுக்குச் சென்று பாடம் நடத்தினோம். அதுவே ஸப்ரு எனும் பொறுமை என்று எண்ணினோம். மார்ச் மாதத்தில் குரல் கம்மத் தொடங்கிற்று. ஒருநாள் பாடத்தின் நடுவே வாய் அசைந்தது, ஓசை வரவில்லை. குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருப்பதாகவும், சில மாதங்கள் பேசவே கூடாதென்றும் மதுரை மருத்துவர் ஒருவர் கூறினார்.

ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் நாகூர் ஹனீபா அவர்கள் காலமானார்கள். 1925இல் பிறந்த அவர்களுக்கு அப்போது வயது 89. முறையாக இசை பயிலாமலே உச்சத்தில் நின்று ஒலித்த குரல் அது. மேடையிலும் மீலாது விழாவிலும் கல்யாண வீட்டிலும் அது ஒலிக்காத ஊர் தமிழகத்தில் ஏது? 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அவர்களுடன் அவர் பாடிய பெருநாள் பாட்டைப் பாடாத பிள்ளைகள் ஏது? அன்று மாலை நம் தெருத் தேநீர்க்கடையில் அவர் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பினார்கள். ஜன்னலோரம் அமர்ந்திருந்த நம் காதில், துணைவியார் அடுப்பங்கரையில் பாடிய அதே பாட்டு விழுந்தது. மையவாடியில் வராத கண்ணீர் அப்போது வந்தது. விம்மவும் குரலில்லை.

நம் நிலையறிந்த மருமகன் வந்து நம்மைப் பூண்டிக்கு அழைத்துச் சென்றார். பூண்டி என்பது கொடைக்கானலுக்கும் அப்பால், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களையும் தாண்டி மேல்மலையில் இருக்கும் சிற்றூர். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் படிக்கட்டுப் படிக்கட்டாக விளையும் நிலம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் பின்னாளில், 2019இல், புவிசார் குறியீடு கிடைத்தது. மருமகன் அங்கே பூண்டு வாங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பும் வணிகர். விதைப்பூண்டைப் பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காப்பது அவ்வூர் வழக்கம். அந்தப் புகை மணத்தோடும் மூடுபனியோடும் நம் மௌன வாசம் தொடங்கிற்று. பேசவேண்டியதை எழுத நமக்கு ஒரு சிலேட்டு வாங்கித் தந்தார்கள். பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திய கை, தன் பசியையும் தாகத்தையும் சிலேட்டில் எழுதிக் காட்டிற்று.

பேச இயலாதவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு தொழிலில்லை. காலையில் பூண்டு மூட்டை சுமந்து ஏறும் பொதிக்குதிரைகளின் மணியோசை கேட்கும். பின்னால் வரும் குதிரைக்காரர் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே வருவார். அவர் முனகல் நின்றால் குதிரையின் நடை தளரும். தொடங்கினால் நடை நேராகும். உடன் கொண்டு சென்றிருந்த இஹ்யா உலூமித்தீன் கிதாபின் இரண்டாம் பாகம் நினைவுக்கு வந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதில் பாடல் கேட்பதன் ஒழுக்கங்கள் பற்றித் தனி நூலே அமைத்துள்ளார்கள். ஒட்டகக்காரன் பாட்டில் மயங்கிப் பெருஞ்சுமையையும் மறந்து ஓடிய ஒட்டகங்களின் கதையை அங்கேதான் சொல்கிறார்கள்.

இமாமவர்களுக்கும் நாவு கட்டுண்ட காலம் ஒன்று இருந்தது. ஹிஜ்ரி 488, அதாவது கி.பி. 1095இல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் புகழின் உச்சியில் இருந்தபோது பாடம் நடத்த வாய் திறந்தும் சொல் எழாமல் நின்றார்கள். நோய் உடலில் தோன்றியதன்று, உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது என்றே மருத்துவர்கள் கண்டார்கள். அந்த வரலாற்றை நாம் பலமுறை பிறருக்குச் சொன்னதுண்டு. நமக்கென்று அதனைப் படித்தது பூண்டியில்தான்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் கம்பளிக்குள் படுத்திருந்தோம். அடுத்த அறையில் மகள் பேரனைத் தொட்டிலிலிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதான தாலாட்டு அது. மெட்டு இழுபடும் இடம், மூச்சு வாங்கும் இடம், இறுதியில் தணியும் இடம் எல்லாம் நம் துணைவியார் 1990இல் பாடியவாறே இருந்தன. எழுந்து சென்று சிலேட்டில் எழுதினோம்: "இதை எங்கே கற்றாய்?"

மகள் சற்றுத் தயங்கினாள். "அம்மாகிட்டதான் அத்தா. நீங்க மதரஸாவுக்குக் கிளம்பினதும் பாடுவாங்க. வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டா நிறுத்திடுவாங்க. 'அத்தாகிட்ட சொல்லாதே'ன்னு எங்களுக்குச் சொல்லி வச்சிருந்தாங்க."

நாம் சிலேட்டைப் பார்த்தபடி நின்றோம். எழுத ஒன்றும் தோன்றவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் செருப்போசை ஒரு பாட்டை நிறுத்திவந்திருக்கிறது. வீட்டில் நிலவிய அமைதியை நாம் பக்தி என்று நினைத்திருந்தோம். அது அச்சமாக இருந்திருக்கிறது.

பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும், அதனை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்ததும், நபிகளார் (ஸல்) அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதும் புகாரி ஷரீபில் வருகின்றன. அந்த ஹதீஸைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் கூறி, எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அது நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் உரியது என்பது ஒருநாளும் நமக்குத் தோன்றவில்லை. இசை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கே நாம் ஃபத்வா கூற வரவில்லை. நாம் அன்று அதட்டியது மார்க்கத்துக்காகத்தானா, நம் மிடுக்குக்காகவா என்பதே நம் கேள்வி. விடை நமக்குத் தெரியும்.

பாட்டு உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, உள்ளே இருப்பதையே அசைக்கிறது என்பது இமாமவர்களின் விளக்கம். துயரத்தைக் கிளறும் பாடலையும் அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். போனவர்களை எண்ணி இறைவிதியை நொந்துகொள்ளும் துயரம் பழிக்கத்தக்கது. தன் குற்றத்தை எண்ணி வருந்தும் துயரம் போற்றத்தக்கது. அன்றிரவு அப்பக்கங்களை மீண்டும் புரட்டினோம். தேநீர்க்கடைப் பாட்டில் வந்த கண்ணீரை நாம் பிரிவுத்துயர் என்றே கருதியிருந்தோம். அதனுள் வேறொன்றும் இருந்ததைத் தாலாட்டு காட்டிக்கொடுத்தது. அன்றைய தஹஜ்ஜுத் தொழுகையில், ஓசையே இல்லாமல், நம் துணைவியாருக்குச் செய்த குறைக்காக முதன்முறை தௌபாச் செய்தோம்.

நான்கு மாதத்தில் குரல் ஒருவாறு திரும்பிற்று. பழைய கனம் இல்லை. பெரியகுளம் வந்ததும் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். துணிச்சுற்றுக்குள் கேசட்டுகள் பூசணம் பூத்திருந்தன. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம். நாடா ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது, இனி ஓடாது என்று கைவிரித்துவிட்டார். ஹனீபா அவர்களின் பாடல்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன, அதிலொரு குறையில்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து மெல்லப் பாடிய குரல் எந்த நாடாவிலும் இல்லை. மகளிடத்தில்தான் அது மிச்சம் இருக்கிறது.

பேரனுக்கு இப்போது பத்து வயது. விடுமுறையில் வருகையில் வீடெங்கும் பாடிக்கொண்டே திரிகிறான். வெளியே சென்று திரும்பும் வேளைகளில் நாம் செருப்பைத் தெருவிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைபடாமல் படியேறப் பழகியிருக்கிறோம். பாட்டு முடியும்வரை வாசற்படியில் அமர்ந்திருந்து, பிறகுதான் ஸலாம் கூறி உள்ளே நுழைகிறோம்.

நம் துணைவியாரின் கபுரை அல்லாஹ் ஒளியால் நிரப்புவானாக! நம் பிழையைப் பொறுப்பானாக! ஆமீன்.