கீரமங்கலத்தில் திருவருகைக்காலம்: பூப்பறித்த கையோடு செபம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கொத்தமங்கலம் வழியாகக் கீரமங்கலம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. போய் இறங்கியபோது காலை ஐந்தரை மணி இருக்கும். நல்ல பனி. மெய்நின்றநாதர் கோயில் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. அங்கே நிற்கும் 81 அடி சிவன் சிலையில் தோளுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் பூச்சந்தை எப்போதோ விழித்துவிட்டது. மொபெட்டில் முன்னும் பின்னும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் அன்று திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் அவற்றையொட்டிய நாட்களையும் காத்திருப்புக்கும் செபத்துக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். “அதெல்லாம் ஏட்டோட சரி. கிராமத்துல ஸ்டார் கட்டுவாங்க, கேரல் போவாங்க, 24 ராத்திரி கோயில் நிறையும். அதுக்கு முன்னால யாரும் முழங்கால் போடுறதில்ல” என்று புதுக்கோட்டையில் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னதை நம்புவதைவிடப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

சந்தையில் குண்டுமல்லி கிலோ 1,800 ரூபாய்க்குப் போனது. பனிக்காலத்தில் மொட்டு குறைந்துவிடும், விலை ஏறிவிடும். முல்லை 1,200. சம்பங்கி 100 ரூபாய். செண்டிப்பூவை 50-க்குக் கேட்கக்கூட ஆளில்லை. சம்பங்கிக் குவியல் அருகே கழுத்தில் செபமாலையோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். பக்கத்துக் கிராமமொன்றின் உபதேசியார். பூசைக்குப் பூ வாங்க வந்திருக்கிறார். வாங்கியது அரைக் கிலோ.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இது போதும் தம்பி. இப்ப அளவாத்தான் வைக்கணும். 24-ஆம் தேதி வாங்க, மூட்டையா எடுப்பேன்.”

திருச்சபையின் வழிபாட்டு விதியே அதுதான். தவக்காலத்தில் பொதுவாகப் பீடத்தில் பூ வைப்பதில்லை. திருவருகைக்காலத்தில் வைக்கலாம், ஆனால் அடக்கமாக. கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது என்பதற்காக. பூ மலையாகக் குவிந்து கிடக்கும் ஊரில், கையில் காசு இருந்தும் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்கிற மனிதரைப் பார்த்ததுமே, வந்தது வீண் போகாது என்று நினைத்துக்கொண்டேன். 50 ரூபாய் கொடுத்துவிட்டு அவர் மொபெட்டை எடுத்தார். நான் பின்னாலேயே போனேன்.

கடைவீதியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வழியெல்லாம் தென்னையும் பலாவும் இடையிடையே மல்லிகைக் கொல்லைகளும். தென்னைகள் ஒரே வயதில், ஒரே உயரத்தில் நிற்கின்றன. காரணம் தெரிந்ததுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போனது. இப்போது நிற்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வைத்த கன்றுகள். அந்த ஆண்டு திருவருகைக்காலம் டிசம்பர் 2-இல் தொடங்கியது. “கரண்டு இல்ல. கோயில் ஓடு பாதி பறந்துருச்சு. மெழுகுதிரி வாங்கலாம்னா கடை இல்ல. ஒத்த அரிக்கேன் விளக்கை வச்சுக்கிட்டுத்தான் முதல் வாரம் செபம் சொன்னோம்” என்றார் உபதேசியார், சிற்றாலயத்தின் பூட்டைத் திறந்தபடி.

சிற்றாலயம் நீளத்தில் முப்பது அடிக்கு மேல் இருக்காது. உள்ளே பெஞ்சு கிடையாது, கோரைப்பாய். பீடத்தின் இடப்பக்கம் ஒரு ஸ்டூலில் திருவருகை வளையம். அருகே போய்க் குனிந்து பார்த்தேன். பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் சவுக்குத் தழையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். நான்கு திரிகள், மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. ஊதாத் திரிகளில் ஒன்று விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் உயரம். மூன்றாம் ஞாயிற்றுக்கான இளஞ்சிவப்புத் திரி பாதிக்கு மேல் மிச்சம். நான்காவதில் இன்னும் நெருப்பே படவில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் ஏற்றினால் திரி இவ்வளவு தேயாது. வாரநாளிலும் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். கேட்டேன். “சாயங்காலம் பிள்ளைங்க வந்து செபமாலை சொல்லும்” என்றார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்.

இந்த வளையத்தின் தொடக்கம் கத்தோலிக்கர்களிடம் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் திரிகளை நட்டு நாளுக்கொன்றாக ஏற்றினார். அங்கே வண்டிச்சக்கரம், இங்கே சைக்கிள் ரிம். விக்கர்னைப் பற்றி இந்த ஊரில் எவருக்கும் தெரியாது. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்குப் பங்குத்தந்தை பைக்கில் வந்தார். அன்று அவருக்கு அது இரண்டாவது பூசை. ஊதா அங்கி. ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடவில்லை, திருவருகைக்கால ஞாயிறுகளில் அது கிடையாது. 24 நள்ளிரவில் மணியோசையோடு அதைப் பாடும்போதுதான் பாலன் சுரூபத்தைக் குடிலில் வைப்பார்கள். ஆட்களை நோட்டமிட்டேன். பெண்கள் பக்கம் பாதி, ஆண்கள் பக்கம் பாதிக்கும் கீழே. புதுக்கோட்டைக்காரர் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உபதேசியாரிடம் காதோரமாகக் கேட்டேன். “ராத்திரி ரெண்டு மணிக்கு மல்லிகைக்குப் போனவங்க இப்பத்தான் தலையைச் சாய்ச்சிருப்பாங்க” என்றார். விரிவதற்குள் மொட்டாகப் பறித்துச் சந்தை சேர்க்க வேண்டும். தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பனியில் நனைந்து பறிக்கிற வேலைக்கு ஞாயிறு, திங்கள் என்ற கணக்கு இல்லை.

அன்றைய வாசகம் மத்தேயு நற்செய்தியிலிருந்து. மரியா கருவுற்றிருப்பதை அறிந்த சூசையப்பர், அவரை ஊர் வாயில் விடாமல் சத்தமின்றி விலக்கிவிட நினைக்கிறார். கனவில் தூதர் வந்து சொன்னதும் எழுந்து, சொன்னபடி செய்கிறார். மறையுரை பத்து நிமிடம்கூட இல்லை. நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்லும் கிடையாது, அதனால் நாமும் சற்று நேரம் பேசாமல் இருப்போம் என்று சொல்லிவிட்டு ஃபாதர் உட்கார்ந்துகொண்டார். மின்விசிறியின் கிறீச்சிடலும் தோப்பில் ஒரு மயிலின் அகவலும் மட்டும் கேட்டன. மடியில் இருந்த குழந்தையைத் தவிர யாரும் அசையவில்லை. என் வாட்சில் மூன்று நிமிடம் ஆனது. நகரத்துக் கோயில்களில் இவ்வளவு நேரம் மைக் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

பேசாத அந்தத் தச்சரைத் தலைவனாக வைத்துத்தான் தமிழில் ஒரு பெருங்காப்பியமே இருக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்த யேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 36 படலங்களில் 3,615 பாடல்களாகத் தேம்பாவணியைப் பாடினார். அவர் பணியாற்றிய ஆவூர் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த ஊரில் அந்த நூலைப் படித்தவர் எவரும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு ஒரு சூசையோ, அந்த நூல் சூசையப்பருக்கு வைத்த பெயரில் ஒரு வளனோ இருக்கிறார்.

பூசை முடிந்து ஃபாதர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் ஏழெட்டுப் பையன்கள் குடில் போடும் வேலையில் இறங்கினார்கள். பனஞ்சட்டம், மேலே தென்னங்கீற்று, தரைக்குச் செம்மண். சுரூபங்கள் பழையவை, மாட்டுக்கு ஒரு கொம்பு மட்டும் புதிது, சிமென்டில் ஒட்டியிருந்தார்கள். தீவனத் தொட்டி காலி. அருகில் ஒரு கூடையில் நறுக்கிய வைக்கோல். ஒரு சிறுமி வந்து ஒரே ஒரு தாளை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினாள். என்ன இது என்று விசாரித்தேன். மறைக்கல்வி நடத்தும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம். யாருக்காவது உதவி செய்தால், ஒரு சண்டையை விட்டுக்கொடுத்தால், ஒரு வைக்கோல் போடலாம். பாலன் படுக்க மெத்தையாக வேண்டும், 24-க்குள். தொட்டியில் இரண்டு கைப்பிடி சேர்ந்திருந்தது. யாரும் காவல் இல்லை. ஒரு பையன் கூடையருகே வந்து, யோசித்து, எடுக்காமலே திரும்பிப் போனதையும் பார்த்தேன். அசிசி நகர் பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் முதல்முதலாக அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் முக்கியம்.

சீரியல் பல்பு வாடகை பத்து நாளைக்கு 4,500 ரூபாயாம். ஸ்பீக்கர் செட் தனி. கேரல் போய் வசூலித்ததில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது. இதைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம், பையன்களிடமும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஒருவன் செல்போன் பாட்டை நிறுத்தினான். மண்வெட்டியை ஊன்றியபடி, செம்மண் அப்பிய கைகளைக் கூப்பி, எல்லோரும் மூவேளைச் செபம் சொன்னார்கள். இரண்டு பேர் முணுமுணுப்போடு சரி. மற்றவர்கள் சத்தமாகவே சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செபமே தெரியாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாலை ஏழு மணிக்கு அன்பியக் கூட்டம். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்த சிறு குழு. பங்கின் செபம் வீட்டுக்கு வரும் வழி அதுதான். சிமென்ட் ஷீட் போட்ட வீடு. சாணம் தெளித்த வாசலில் தார்ப்பாய். காலையில் பாதியாக இருந்த கூட்டம் இங்கே இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் இரண்டு பெண்களைச் சந்தையில் பார்த்த நினைவு. மொட்டுக் கிள்ளிக் கறுத்த விரல் நுனிகளில் செபமாலை மணிகள் உருண்டன. பூசைக்கு வராத ஆண்கள் வெளியே கயிற்றுக் கட்டிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் மறுமொழி அங்கிருந்தும் வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் இந்துக்கள். அந்த வீட்டு அப்பத்தாவும் வந்து சுவரோரம் அமர்ந்திருந்தார்.

காலை வாசகத்தையே ஒரு கல்லூரி மாணவி மறுபடி வாசித்தாள். பிறகு அமைதி. பிறகு, மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றார் சிஸ்டர். முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அம்மா, “எம் மருமககிட்ட எதுக்கெடுத்தாலும் ஏசிப்புடுறேன். சூசையப்பருக்கு இருந்த வாயடக்கத்துல கொஞ்சம் எனக்கும் வேணும்” என்றார். மருமகள் அதே பாயில், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருவர் மகன் சிங்கப்பூரில். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மன்றாட்டில் பூ விலை பொங்கல் வரை இறங்காமல் இருக்கவும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்காகவும் வேண்டினார்கள்.

டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபத்தில் வரப்போகிறவரை நாளுக்கொரு பெயரால் அழைப்பார்கள். 21-ஆம் தேதிக்கு உரியது, எழுகின்ற ஞாயிறு. சிஸ்டர் தன் செபப் புத்தகத்திலிருந்து அதை வாசித்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சூரியன் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே கொல்லைக்குப் போகிறவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

முடிந்ததும் பிடியரிசி அளந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து ஒதுக்கிவைத்து, ஞாயிறு இரவு கொண்டுவருகிறார்கள். அன்றைய அளவு பதினான்கு கிலோ. நான்கு வாரமும் சேர்ந்தது, வேலைக்குப் போக முடியாத மூன்று குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விடும். அதில் ஒன்றுதான் கிறிஸ்தவக் குடும்பம். சுண்டலும் கடுங்காப்பியும் கொடுத்தார்கள். எட்டரைக்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு மறுபடி பறிப்பு.

நள்ளிரவுப் பூசை பங்கின் தலைக்கோயிலில்தான். ஃபாதர் ஒருவர், ஊர்கள் பல. இந்தச் சிற்றாலயத்தில் 25 காலை ஏழு மணிக்கு. அலங்காரத்தையும் கூட்டத்தையும் பார்க்க வேண்டுமென்றால் 24 இரவு தலைக்கோயிலுக்குப் போங்கள். இந்த மக்களின் செபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வாரம் முன்னதாக, மாலை ஏழு மணிக்கு, பூக்கொல்லைகளுக்கு நடுவே உள்ள ஏதாவது ஒரு அன்பிய வீட்டுக்குப் போங்கள். யார், எவர் என்று கேட்காமல் தார்ப்பாயில் இடம் விடுவார்கள். போகும்போது ஒரு பிடி அரிசி எடுத்துப் போங்கள்.