மாமாவின் ஹெட்லைற்றும் எங்கள் தின்னர் போத்தலும்

மோட்டார் சைக்கிளைக் கழுவித் தருகிறோம் என்று நாங்களாகத்தான் கேட்டு வாங்கினோம். எங்களில் ஒருவனுக்குத்தான் அவர் சொந்த மாமா. ஆனாலும் பழுகாமத்தில் எங்கள் ஐந்து பேருக்குமே அவர் மாமாதான். வெல்லாவெளிப் பக்கம் அவருக்கு வயல் இருக்கிறது. வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் இரவில் யானைக் காவலுக்குப் போவார். அந்த றோட்டில் இருட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், யானை நிற்பது தூரத்தில் தெரியாது. இருட்டில் ஒரு துண்டு கூடுதலாகக் கறுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அவருடைய ஹெட்லைற்றின் மேல் ஓரத்தில் ஒரு ஸ்ரிக்கர் கிடந்தது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தது நினைவிருக்கும். ஷெட்டில் நிற்கிற பொடியன் முன்னுக்கு நின்றே ஸ்கேன் பண்ணட்டும் என்று மாமா அதை அச்சடித்து, மேலால் அகலமான செலோடேப்பும் போட்டு, ஹெட்லைற்றிலேயே ஒட்டியிருந்தார். 2023 செப்ரெம்பர் 1ஆம் திகதி கியூஆர் முறை நின்றது. ஸ்ரிக்கர் நிற்கவில்லை. படுவான்கரை வெயிலில் தாள் பொடிந்து போக, பசை மட்டும் மிஞ்சி, றோட்டுப் புழுதியைப் பிடித்துக் கறுத்துப் போய்க் கிடந்தது.

நகத்தால் சுரண்டினோம், வரவில்லை. எங்களில் ஒருவன் வீட்டில் கேற்றுக்குப் பெயின்ற் அடித்த மிச்சத் தின்னர் கிடந்தது. சீலைத்துண்டில் நனைத்துத் தேய்த்தோம். பசை சட்டென்று கரைந்தது. ஐந்து பேருக்கும் பெரிய சந்தோசம். லென்ஸ் காய்ந்த பிறகுதான் பார்த்தோம். தேய்த்த இடமெல்லாம் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துப் போயிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தது, காய்ந்ததும் பழையபடி வெள்ளை.

செய்த பிழை அது இல்லை. ஈரம் காயும் முன்னமே, ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளைக் கொண்டு போய்க் கொடுத்தோமே, அதுதான் பிழை.

இரண்டு நாள் கழித்து மாமா திண்ணையில் இருந்து சொன்னார்: "கண் பழுதாப் போச்சுப் போல கிடக்கு மனே. ராவு லைற்றப் போட்டா முன்னுக்கெல்லாம் புகை மாதிரி நிக்கிது. ஆனை நிண்டது கிட்டப் போனாப்புறந்தான் தெரிஞ்சிது. திருப்பிக்கொண்டு வந்திட்டன். கண் காட்டப் போகணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஏசுவார் என்று நினைத்தோம், ஏசவில்லை. "முதலே சொல்லியிருந்தா அண்டு ராவு நான் போயிருக்க மாட்டன்தானே" என்றார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஹெட்லைற் என்றால் என்ன என்று தேடிப் படித்தோம். பழைய சீடி 125 மாதிரி வாகனங்களில் முன்னால் இருந்தது கண்ணாடி. அதற்குத் தின்னர் ஒன்றும் செய்யாது. இப்போது வருகிற பெரும்பாலான ஹெட்லைற்றுகளில் இருப்பது பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கியது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் தின்னர், அசிற்றோன், நகப்பூச்சு அழிக்கிற திரவம் பட்டால் மேற்பரப்பு கரைந்து குழம்பி, பிறகு வெளுத்துக் காயும். வெளிச்சம் நேரே போகாமல் நாலு பக்கமும் சிதறும். மாமா கண்ட புகை அதுதான்.

நம்பாதவர்கள் வீட்டில் கிடக்கிற பழைய படச் சீடி ஒன்றை எடுங்கள். அதுவும் பொலிகாபனேற்தான். மினுங்குகிற பக்கத்தில் ஒரு துளி தின்னர், கொஞ்சம் தள்ளி ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டு வையுங்கள். சில நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். தின்னர் விட்ட இடம் குருட்டுக் கண் மாதிரி வெளுத்திருந்தது. எண்ணெய் விட்ட இடம் அப்படியே இருந்தது. இதை முதலே செய்திருந்தால் ஒரு சீடியோடு போயிருக்கும்.

பெற்றோல் இன்னும் கள்ளத்தனமானது. துடைத்த உடனே ஒன்றும் தெரியாது. திருகாணி இறுக்கின மூலைகளில் பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும். அங்கே பிறகு மயிரிழை மாதிரி வெடிப்பு விடலாம். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லுவார்கள். அதற்குள் இருப்பது நுண்ணிய தூள். லென்ஸின் மேல் வெயிலைத் தடுக்க ஒரு பூச்சு இருக்கிறது, தலைமயிரின் தடிப்பைவிட மெல்லியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் கொஞ்ச நாள் பளபளப்பாக இருக்கும், பிறகு முந்தியதைவிடக் கெதியாக மஞ்சளாகும். பிளேட், இரும்புப் பஞ்சு, சாம்பல் எல்லாம் அந்தப் பூச்சுக்கு எதிரிதான்.

வெளுத்ததைத் திருத்த முடியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைக்காலத்தில் பழைய வாகனத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் விலை ஏறிவிட்டது. ஐந்து பேரும் காசு சேர்த்து, பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிப் பக்கம் போய்ப் பாவித்த ஹெட்லைற் ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தால், லென்ஸின் குறுக்கே அகலப் பெட்டி ரேப்பின் பசை! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. வெயிலில் வைக்காமல் மாமரத்து நிழலில் வைத்தோம். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவினோம். மண்ணோடு தேய்த்தால் அதுவே அரத்தாள். பிறகு கை பொறுக்கிற சூட்டில் சவர்க்காரத் தண்ணீர், கொதிநீர் இல்லை. துவாயை அதில் நனைத்துப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தோம். பசை இளகியதும் நகம் படாமல் பெருவிரலால் உருட்ட, புழு மாதிரித் திரண்டு வந்தது. மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பூசி இருபது நிமிடம் விட்டோம். எண்ணெய் பசைக்குள் மெல்ல ஊறி அதன் பிடியைத் தளர்த்தும், பிளாஸ்டிக்கை அந்த நேரத்துக்குள் ஒன்றும் செய்யாது. மென்மையான பருத்திச் சீலையால் துடைத்தோம். மூன்று தரம் இதையே செய்தோம். கடைசியில் மெல்லிய பசைப் படலம் மட்டும் மிஞ்சியது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலைச் சீலையில் கொஞ்சம் தொட்டு, முதலில் ஓரத்தில் பரீட்சித்து, பிறகு ஒரே துடையாகத் துடைத்து உடனே கழுவினோம். எண்ணெய் மிஞ்சினால் தூசு அப்பும் என்பதால் கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தால் இன்னொரு தரம் கழுவி முடித்தோம்.

ஒரு பின்னேரம் முழுதும் போனது. தின்னரோடு முன்னம் செய்தது இரண்டு நிமிட வேலை.

இருட்டின பிறகு மாமா வந்தார். முதலில் பழைய ஹெட்லைற்றைப் போட்டு மதிலில் அடித்துக் காட்டினோம். சுவர் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். பிறகு மற்றதை மாட்டினோம். நடுவில் ஒரு வட்டம் கூர்மையாக விழுந்தது, மதிலில் ஓடின பல்லிகூடத் தெரிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாக்கையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. வாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வைக்க முதல் சொன்னார்: "கண் நல்லாத்தான் இருக்கு மனே."