பெருமுக்கல் அடிவாரத்துத் தைல வாசம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை தூரத்திலேயே தெரிந்துவிடும். சுற்றிலும் சமதரை, நடுவே பாறைமேல் பாறை. உச்சியில் சோழர் கால கல்வெட்டுகளோடு சிவன் கோயில், குகையில் வரலாற்றுக்கு முந்தைய பாறைக்கீறல்கள், 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்த கோட்டை. அக்கம்பக்கத்துக் கல் குவாரிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை. இந்த முறை நான் போனது மரங்களுக்காக.

ஏற்றத்துக்கு முன்னால் ஒரு தைல மரத் தோப்பு. ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் இலையைக் கசக்கி முகர்வதைப் பார்த்து, "இதுல ஆடு வாய் வைக்காதுங்க. கீழ புல்லும் சரியா முளைக்காது" என்றார்.

"அப்புறம் ஏன் ஐயா வைக்கிறாங்க?"

"அஞ்சாறு வருசத்துல வெட்டலாம். லாரி வந்து ஏத்திக்கும். பேப்பர் மில்லுக்கு."

ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய ஒளிப்புள்ளிகள். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். கொய்யா இலையிலும் இவற்றைப் பார்க்கலாம். நாவல், கொய்யா, கிராம்பு, தைல மரம் எல்லாம் ஒரே குடும்பம். ஊட்டிப் பக்கம் ஓடையோரக் கொட்டகைகளில் தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். உதிர்ந்த இலையைக் கொப்பரையில் திணித்து மூடி அடுப்பை எரிப்பார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் போய் இறங்கும்போது தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். வெந்த இலை காய்ந்ததும் அடுத்த அடுப்புக்கு அதுவே விறகு. 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த மரம் அது.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு கிளைதான் காகிதப்பட்டை மரங்கள், மெலலூக்கா. முகப்பூச்சிலும் ஷாம்பூவிலும் நாம் பார்க்கும் டீ ட்ரீ ஆயில் இந்த இனத்து மரம் ஒன்றிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அதன் தாய்மண். இந்தோனேசியாவில் குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் தடவும் கஜுபுட் தைலம் இன்னொன்றிலிருந்து. அதன் வாசனைக்கு முக்கியக் காரணம் சினியோல்; நீலகிரித் தைலத்திலும் அதுவேதான். ஆகவே பெருமுக்கல் அடிவாரத்தில் என் விரலில் ஒட்டிய மணம் ஜாவாக்காரருக்கும் அந்நியமாக இருக்காது.

சிங்கப்பூரில் கம்போங் கிளாம் பகுதிக்குப் பெயர் தந்ததே இந்தக் கஜுபுட் மரம்தான். மலாய்க்காரர் அதை கெலாம் என்கிறார்கள். அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளிறிய நிறம், விரல் பட்டதும் தாள் தாளாகப் பிரிகிறது, அழுத்தினால் மெத்தென்று உள்வாங்குகிறது. அந்தக் காலத்தில் படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்க இதைத்தான் திணித்தார்கள். இந்தப் பட்டைதான் காட்டுத்தீயில் மரத்தைக் காப்பதும். மேலே இலை எண்ணெயால் கொழுந்துவிட்டு எரியும், கீழே அடிமரம் பிழைத்துக்கொள்ளும், சூட்டில் காய்கள் வெடித்து விதை கொட்டும்.

இந்தத் திறமைதான் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் படாதபாடு படுத்தியது. சதுப்பைக் காயவைக்கும் மரம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதப்பட்டை மரம் ஒன்றை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1930களில் விமானத்திலிருந்துகூட விதை தூவினார்கள். 1990களில் ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேரில் அது பரவிக் கிடந்தது. வெட்டினார்கள், மருந்தடித்தார்கள், 1997இல் அதன் தளிரைத் தின்னும் வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்தே வரவழைத்து விட்டார்கள்.

மலைமேல் நின்று கிழக்கே பார்த்தபோது என் மனதில் இதெல்லாம்தான் ஓடியது. அந்தத் திசையில் மரக்காணத்து உப்பளங்கள், சவுக்குத் தோப்புகள், கழுவெளி ஏரி. சுற்றுவட்டார ஏரிகளில் வழியும் மழைநீர் கழுவெளியில் சேர்ந்து எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட இந்த நீர்நிலை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காகிதப்பட்டை மரம் தேங்கிய நீரில் நிற்கும், மோசமான மண்ணையும் பொறுக்கும், இலைக்கு விலையும் உண்டு. "சும்மா கிடக்கிற சதுப்புக்கு ஏற்ற பயிர்" என்று நாளை யாருக்கும் தோன்றலாம். சீமைக் கருவேலம் விறகு தரும் மரம் என்ற நற்பெயரோடுதான் தமிழ்நாட்டுக்குள் வந்தது. கழுவெளி ஓரங்களில் இன்று அதை வேரோடு பிடுங்கப் படும் பாட்டைப் பார்த்தபிறகு இன்னொன்றை உள்ளே விடக்கூடாது. கழுவெளி சும்மா கிடக்கவும் இல்லை. நாரைக்கும் பூநாரைக்கும் அது சோறு போடும் இடம்.

தைலத்தின்மேல் எனக்கு வெறுப்பில்லை. தலைபாரம் என்றால் என் கை முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தைத்தான். ஆனால் இந்தக் கடற்கரைக்கு எண்ணெய் மரம்தான் வேண்டுமென்றால் புன்னை இருக்கிறது. உப்புக்காற்றில் வளரும், கட்டை படகுக்கு ஆகும், கொட்டையை ஆட்டிய எண்ணெய் விளக்கெரிக்கவும் மூட்டுவலிக்குத் தேய்க்கவும் காலங்காலமாக உதவிவருகிறது. இறங்கும்போது பெரியவரிடம் புன்னையைப் பற்றிக் கேட்டேன். "கடலோரத்து ஆளுங்களுக்குத் தெரியும், மரக்காணத்துல கேளுங்க" என்று வழி சொன்னார்.