கூரையில் ஆடிய மனிதர்

அபுதாபியிலிருந்து சவூதி எல்லையைப் பார்த்து மேற்கே ஏறக்குறைய 240 கிலோமீட்டர் போனால் ருவைஸ். தரீஃப், மிர்ஃபா தாண்டியதும் ஒரு பக்கம் உப்புத்தரை, இன்னொரு பக்கம் மணல். கண் சோர்ந்து தூக்கம் வருகிற நேரத்தில் டேங்குகளும் புகைபோக்கிகளும் ஃப்ளேர் நெருப்பும் தெரியும். 1970களுக்கு முன்னால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஊர் என்று ஒன்று இல்லை. எண்ணெய்க்காகத் திட்டம் போட்டு, வரைபடத்தில் கோடு கிழித்துக் கட்டியது. 1982இல் ஷேக் சயீத் தொழில் வளாகத்தைத் திறந்து வைத்தார். சுத்திகரிப்பு ஆலை, எரிவாயு ஆலை, உரத் தொழிற்சாலை, வேலை செய்கிறவர்களுக்குக் குடியிருப்பு என்று ஒவ்வொன்றாக எழும்பின. தெருமுனை டீக்கடை, திண்ணை, வெட்டியாக நிற்க ஒரு மரத்தடி, இவை எந்த வரைபடத்திலும் வராதவை. ஆகவே அங்கே இல்லை.

நான் 90களின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தது குடும்பங்கள் இருக்கும் காலனிக்கு அல்ல, காண்டிராக்ட் கம்பெனியின் பேச்சிலர் கேம்புக்கு. பேச்சிலர் என்று பெயர்தான். அறையில் என்னைத் தவிர எல்லாருமே பிள்ளைகுட்டிக்காரர்கள். தூத்துக்குடி ஃபிட்டர் அண்ணன், வேலூர்ப் பக்கத்து ஸ்கஃபோல்டர், ஸ்டோரில் வேலை பார்த்த மட்டக்களப்புக்காரர், இன்னும் இரண்டு பேர். அறைக்குச் சொந்தமாக ஒரு டிவியும் வீடியோ டெக்கும் உண்டு. எல்லோரும் பங்கு போட்டு வாங்கியது. தமிழ் கேசட் வேண்டுமென்றால் யாராவது அபுதாபி போய் வர வேண்டும். 'காதலிக்க நேரமில்லை' கேசட் ஒன்று எங்களிடம் தேய்ந்துகொண்டிருந்தது. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடத்தில் படம் நடுங்கும், கோடு விழும். வசனம் மனப்பாடம் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஸ்காட்லாந்துக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், மூட்டை கட்ட உதவிய மட்டக்களப்புக்காரருக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முழுக்க ஆங்கிலப் பட கேசட். இங்கிலீஷ் படம் என்றால் சண்டை இருக்கும் என்று வியாழக்கிழமை ராத்திரி ஆவலாகப் போட்டோம். அப்போதெல்லாம் வெள்ளிதான் விடுமுறை. எம்ஜிஎம் சிங்கம் உறுமியது. அப்புறம் கோட்டுப் போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் வந்து ஆட ஆரம்பித்தார். அடுத்த கேசட்டிலும் ஆட்டம். அதற்கடுத்ததிலும் அதுதான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். டியூட்டி இல்லாத ஒரு பகலில், வேறு வழியில்லாமல்தான் அது மறுபடி வெளியே வந்தது.

அன்றைக்குப் போட்டது 1951இல் வந்த 'ராயல் வெட்டிங்'. ஃப்ரெட் அஸ்டேர் ஹோட்டல் அறையில் தனியாக, காதலியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். ஆடிக்கொண்டே சுவரில் கால் வைக்கிறார். சுவரிலிருந்து கூரைக்குப் போகிறார். அங்கே தலைகீழாகத் தட்டி ஆடிவிட்டு எதிர்ச் சுவர் வழியாகத் தரைக்கு இறங்குகிறார். கயிறு தெரியவில்லை. காட்சியை வெட்டி ஒட்டின இடமும் தெரியவில்லை. அறையில் பேச்சு நின்றுவிட்டது.

ஃபிட்டர் அண்ணன் எழுந்து போய் ரீவைண்ட் செய்தார். மறுபடி பார்த்தார். மறுபடி ரீவைண்ட். கேசட் போய்விடும் என்று கத்தினோம். அவர் டிவிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதரை விட்டுவிட்டு மேஜை, நாற்காலி, திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலேய், அவன் எங்கயும் ஏறல. ரூமுதாம்ல சுத்துது."

"ரூம் சுத்தினா நமக்குத் தெரியாதாண்ணே?" என்றார் ஸ்கஃபோல்டர்.

"எப்படித் தெரியும்? கேமராவையும் ரூமோட சேத்து போல்ட் அடிச்சிருப்பான். கேமராக்காரனையும் கட்டிப் போட்டிருப்பான். எல்லாம் ஒண்ணா சுத்துனா ஒனக்கு என்ன தெரியும்? அவன் எப்பமும் கீழ இருக்கிற பக்கந்தான் ஆடுதான்."

சொன்னதோடு விடவில்லை. சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தில் படம் போட்டார். உருளை, உள்ளே பெட்டி, வெளியே வளையம், மோட்டார். எத்தனை வினாடிக்கு ஒரு சுற்று வர வேண்டும் என்பதில் ஒரு வாரம் சர்ச்சை ஓடியது. பல வருடங்கள் கழித்து அந்தப் படம் எடுத்த விதத்தைப் படித்தேன். பெரிய உருளைக்குள் அறையைக் கட்டி, சாமான்களையெல்லாம் அசையாமல் இறுக்கி, கேமராவையும் அதை இயக்கியவரையும் அறையோடு சேர்த்துப் பிணைத்துச் சுழற்றியிருக்கிறார் இயக்குநர் ஸ்டான்லி டோனன். எட்டாவது வரை படித்த மனிதர் ருவைஸ் கேம்பில் உட்கார்ந்து சொன்னதில் ஒரு போல்ட்கூடத் தப்பவில்லை.

அந்தப் பகலுக்குப் பிறகு பெட்டி கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அந்தப் படங்களை நாங்கள் கதைக்காகப் பார்க்கவில்லை, கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வில்லன் இல்லை, சாவு இல்லை, தங்கை கல்யாணத்துக்குக் கடன் இல்லை. கையால் வேலை செய்கிற ஆட்கள், நன்றாக வேலை செய்கிற ஆட்களைப் பார்த்த பார்வை அது. தன் ஆட்டத்தைத் தலை முதல் கால்வரை முழு உடம்பும் தெரியத்தான் எடுக்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தவர். முகத்தை மட்டும் காட்டி ஏமாற்றுகிற சமாச்சாரம் கிடையாது. வெல்டிங்கைப் பெயிண்ட் அடித்து மறைக்காமல் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுகிறவன் மேல் வருகிற மரியாதை எங்களுக்கு அவர் மேல் வந்தது.

ஸ்கஃபோல்டருக்குப் பிடித்தது 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்'. 1954இல் வந்தது, அதுவும் டோனன் படம்தான். ஏழு அண்ணன் தம்பிகள், வீட்டில் பெண் வாசனையே கிடையாது. இதை எங்கள் கேம்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தானியக் கொட்டில் கட்டப் போகிற இடத்தில் பலகைமேலும் மரச்சட்டத்தின்மேலும் தாவித் தாவி ஒரு போட்டி நடனம் வரும். ஒவ்வொரு தடவையும் அவர் தலையில் கை வைத்துக்கொள்வார்: "ஹார்னஸ் இல்ல, பலகைக்குக் கட்டு இல்ல. நம்ம சேஃப்டிக்காரன் பாத்தா செவப்பு டேக் மாட்டி எல்லாரையும் எறக்கிவுட்டுருவான்." சொல்லிவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பார். அதில் வரும் மலைகள் பெரும்பாலும் திரையில் எழுதியவை. எம்ஜிஎம் கம்பெனி 'பிரிகடூன்' என்ற இன்னொரு படத்துக்குக் காசை ஒதுக்கிவிட்டு இதில் கையைச் சுருக்கியிருக்கிறது. அந்த 'பிரிகடூ'னும் பெட்டியில் இருந்தது, பாதியிலேயே எல்லோரும் தூங்கிவிட்டோம். சகோதரர்கள் பெண்களைப் போர்வையில் சுருட்டித் தூக்கிவருவதை மட்டும் இன்றைக்கு என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. இந்தியில் 'சத்தே பே சத்தா' என்று 1982இல் எடுத்தபோதும் அதை விடவில்லை.

மழைப் பாட்டு வந்த கதை வேறு. ருவைஸில் மழை வருடத்துக்குச் சில நாள், அதுவும் தூறல். குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். ஜூலையில் மாடி டேங்க் கொதித்துக் கிடக்கும். ஆகவே ஹீட்டரை அணைத்து வைத்து, பகலெல்லாம் அதற்குள் கிடந்து ஆறிய தண்ணீரில் குளிப்போம். வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த நீர், குளிர்நீர்க் குழாயில் வெந்நீர். இப்படி இருக்கிறவர்கள் முன்னால் ஜீன் கெல்லி குடையை மடக்கிவிட்டு, கூரைத் தூம்பிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் முகத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? 'சிங்கிங் இன் த ரெயின்', 1952. "எம்மாம் தண்ணி வீணாவுது பாரு" என்பதுதான் அறையில் எழுந்த முதல் விமர்சனம். கெல்லிக்கு அன்று 103 டிகிரி காய்ச்சல் என்பார்கள். மாலையானதும் ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் புல்தரைக்குத் தண்ணீர் திறந்துவிட, குழாயில் பிரஷர் இறங்கி மழை நின்றுவிடுமாம். லைன் பிரஷர் பார்ப்பதே பிழைப்பாக இருந்த எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

அதே படத்தில் டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஓடிக் குட்டிக்கரணம் போடுவார். அப்போதுதான் சந்திரபாபு சண்டை தொடங்கும். "எங்க ஊர்க்காரன் இதவிட அழகா விழுவான்" என்பார் ஃபிட்டர். சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடி. "பிறந்தது அங்க, படிச்சது எங்கட கொழும்பில. ஆட்டம் எங்க பழகினது எண்டு நினைக்கிறியள்?" என்பார் மட்டக்களப்புக்காரர். யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குக் கொண்டுவந்த, கோட்டும் சூட்டுமாகத் திரிந்த அந்த மனிதர் இந்தப் படங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்றுதான் நான் நினைக்கிறேன். 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடத்தில் அவர் அடிக்கும் கூத்தை ஓ'கானருக்குப் பக்கத்தில் கூசாமல் வைக்கலாம். கீழே விழுவதில் சந்திரபாபு ஒரு பங்கு மேல் என்பது என் கட்சி.

'சிங்கிங் இன் த ரெயின்' படத்தின் கடைசிக் காட்சியில்தான் அறை முழுக்க ஹாலிவுட்டுக்கு எதிராகத் திரும்பியது. மேடையில், கதைக்குள் நட்சத்திர நடிகையாக வருபவள் வாயசைக்க, திரைக்குப் பின்னால் டெபி ரெனால்ட்ஸ் பாடுகிறார். திரையைத் தூக்கிவிடுகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது, வாயசைத்தவள் ஓடுகிறாள். இதில் என்ன அவமானம் என்று எங்களுக்குப் புரியவேயில்லை. "டிஎம்எஸ் பாடுனா சிவாஜிக்குக் கேவலமால?" என்று ஃபிட்டர் அண்ணன் கேட்டார். மட்டக்களப்புக்காரர் எவ்வளவோ விளக்கியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் அவரிடம் போனில் பேசும்போது சொன்னேன்: அந்தப் படத்தில் டெபி ரெனால்ட்ஸ் பாடுவதாக வருவதிலேயே சில பாட்டுகளை உண்மையில் பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற இன்னொரு பாடகி, படத்தில் அவர் பெயர்கூடப் போடவில்லை என்று.

"அப்ப அந்தப் பிள்ளைக்கும் ஒரு சுசீலா இருந்திருக்கு. பேரப் போடாம விட்டானுவளே, அதுதாம்ல கேவலம்" என்றார்.