இயந்திரம் போய்ச் சேரும், கட்சி?

பெங்களூரு ஜாலஹள்ளியில் கங்கம்மா சர்க்கிளை ஒட்டிய தெரு. வேலூர்க்காரரான அந்தப் பெரியவர் பி.இ.எல். தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருடம், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில். “பூட்டான்காரங்க ஓட்டுப் போட்டது நம்ம ஊர் மெஷின்லதான்” என்று சொல்லும்போது இன்னமும் நிமிர்ந்து உட்காருகிறார்.

பூட்டானில் ஜனநாயகம் மக்கள் புரட்சியால் வரவில்லை. மன்னரே கொடுத்தார். 2007ல் ஒத்திகைத் தேர்தல் நடந்தபோது பதிவு பெற்ற கட்சிகளே கிடையாது. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு நிறங்களில் பொய்க் கட்சிகளை உண்டாக்கி மக்களைப் பழக்கினார்கள். 2008 மார்ச்சில் நிஜத் தேர்தல். 47 இடங்களில் ஒரே கட்சிக்கு 45. இரண்டே இடம் பிடித்த கட்சி ஐந்து வருடம் பொறுத்திருந்து 2013ல் ஆட்சிக்கு வந்தது.

“மெஷினை லாரியில ஏத்தி அனுப்பிடலாம். கட்சியை எப்படி அனுப்புறது?” என்கிறார் பெரியவர்.

1989க்குப் பிறகு மேலை நாடுகள் கோடிக்கணக்கில் செலவழித்து விடை தேடிய கேள்வி இது. கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது தேர்தல் வந்துவிட்டது, கட்சிகள்தான் இல்லை. அல்லது அளவுக்கு மேல் இருந்தன. 1991ல் போலந்து நாடாளுமன்றத்துக்குள் 29 கட்சிகள் நுழைந்தன. அதில் பீர் பிரியர்களின் கட்சி ஒன்று. அதற்கு 16 இடங்கள்!

உதவிக்கு வந்தவர்கள் பலர். ஜெர்மனியிலிருந்து அங்குள்ள கட்சிகளைச் சார்ந்த அடெனாவர், ஈபர்ட் அறக்கட்டளைகள். அமெரிக்காவிலிருந்து அதன் இரு பெரிய கட்சிகளோடு தொடர்புள்ள நிறுவனங்கள். 1992ல் பிரிட்டனும் தன் பங்குக்கு ஓர் அமைப்பைத் தொடங்கியது. கருத்துக் கணிப்பு எடுப்பது, வீடு வீடாகப் போவது, டி.வி. கேமரா முன் பேசுவது என்று பாடம் நடந்தது. பிரசாரக் கலையை மாணவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஆனால் கிளைகளும் உறுப்பினர்களும் பெருகவில்லை. டி.வி.யிலேயே வாக்காளரைப் பிடிக்க முடிந்த தலைவருக்குத் தெருவில் ஆள் எதற்கு?

உதவிக்கு விசுவாசமும் உத்தரவாதமில்லை. ஹங்கேரியின் விக்டர் ஓர்பன் 1989ல் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனது ஜார்ஜ் சோரஸ் அறக்கட்டளையின் உதவித்தொகையில். 2017ல் அவருடைய அரசுதான் வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு அமைப்புகளுக்குக் கடிவாளம் போடச் சட்டம் கொண்டுவந்தது.

இந்தியா இந்த வம்பே வேண்டாம் என்றது. கட்சிகள் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று 1976லேயே சட்டம் போட்டது. காங்கிரசும் பா.ஜ.க.வும் அதை மீறியதாக 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனை வரவில்லை, திருத்தம் வந்தது. 2016லும் 2018லும் சட்டத்தையே மாற்றி, 1976 வரை பின்தேதியிட்டார்கள்.

ஆக, பணத்துக்குக் குறைவில்லை. வேருக்கு?

பெரியவரின் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது வயது சொச்சம். ஒரு கட்சியின் வார்டு பொறுப்பாளர். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், அடைத்த சாக்கடை என்று தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கர்நாடகத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அடுத்த தேர்தலில் கவுன்சிலர் டிக்கெட் கேட்பதாக இருந்தார்.

அந்த ‘அடுத்த தேர்தல்’ வரவே காணோம். பெங்களூரு மாநகராட்சிக்கு 2015ல் தேர்தல் நடந்தது. 2020 செப்டம்பரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் ஓடியும் தேர்தல் இல்லை. வார்டு பிரிப்பு, இட ஒதுக்கீடு, கோர்ட் வழக்கு என்று காரணங்கள் மட்டும் வந்தன. 198 வார்டு காகிதத்தில் 243 ஆகி, பிறகு 225 ஆனது. 2025ல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது.

நான்கு வருடம் அலைந்த பிறகு அவர் பொறுப்பை விட்டுவிட்டார். இப்போது தையல் கடை. “எலக்‌ஷனே இல்லாத வார்டுல கட்சிக்கு ஆள் எதுக்கு அங்கிள்? எம்.எல்.ஏ. தேர்தல் வந்தா மட்டும் போன் பண்றாங்க” என்கிறார், ஊசியில் நூல் கோத்தபடி.

பெரியவரிடம் பதில் இல்லை. வார்சாவில் வகுப்பு எடுத்தவர்கள் பார்க்க வேண்டிய பள்ளிக்கூடம் இந்தத் தெருதான். கட்சி வளர்வது கருத்தரங்கில் அல்ல, சாக்கடை அடைத்த வீட்டின் வாசலில். அந்த வாசலுக்கு வந்து நிற்க ஒருவருக்குக் காரணம் கொடுப்பது வார்டுத் தேர்தல். அதை நிறுத்தினால் கட்சி, தலைவர்களின் பேனராக மட்டும் மிஞ்சும்.

பெரியவர் வீட்டு முன் சாக்கடை மறுபடி அடைத்துக்கொண்டிருக்கிறது. யாரிடம் சொல்வது?

“பூட்டானுக்கு அனுப்பினதுல ஒரு மெஷினை நம்ம வார்டுக்குன்னு எடுத்து வச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு குனிகிறார் அவர்.