செத்த கால், செத்த எஞ்சின்

தம்பி இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டப் பழகுகிறான் என்றதும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறதே! காம்பார் பாசாரில் கீரை விற்கிற அக்கா வரைக்கும் சொல்லியாயிற்று.

கணக்கு அப்படி இல்லை. சிறிய பிஸ்டன் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால் சக்தி பாதியாகிறது. மேலே ஏறும் திறனோ 80 சதவீதத்துக்கும் மேல் போய்விடுகிறது. உயரம் குறையாமல் பறப்பதற்கே பெரும்பங்கு சக்தி செலவாகிறது, ஏறுவது மிச்சத்தில்தான். சம்பளம் பாதியானால் சேமிப்பு பாதியாகாது, அநேகமாக இல்லாமலே போகும். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் வீட்டுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்து, ஓடுகிற எஞ்சின். இடது எஞ்சின் நின்றால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. நல்ல எஞ்சினே விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும். வேகமானியில் அந்த எல்லைக்குச் சிவப்புக் கோடு. ஒற்றை எஞ்சினில் முடிந்தமட்டும் ஏறுவதற்கான வேகத்துக்கு நீலக்கோடு.

தம்பி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, காற்றில் கைகளை நகர்த்திச் சத்தமாகச் சொல்லிப் பழகுவான். நீலக்கோடு. எல்லாப் பிடியும் முன்னுக்கு. ஃபிளாப் மேலே, சக்கரம் மேலே. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. அதன் துரோட்டலை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. பிறகுதான் ஃபெதர், அதாவது ப்ரொப்பெல்லரின் இலைகளைக் காற்றை எதிர்க்காமல் விளிம்புவாக்கில் திருப்புவது.

"அந்த சரிபார்க்கிற இடத்துலதான்கா கை பறக்கும்," என்றான்.

தைவானில் 2015 பிப்ரவரி 4 அன்று பறந்தது. டிரான்ஸ் ஏசியா 235, சிறிய விமானம் அல்ல, ஏடிஆர் 72. தைப்பேயில் ஏறியதும் வலப்பக்க ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினைக் குறைத்தார், பிறகு நிறுத்தியும்விட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். சிமுலேட்டர் பயிற்சியிலேயே அவருக்கு இந்த நடைமுறையில் தடுமாற்றம் இருந்ததை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு, தம்பி நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் டிவியை அணைத்துவிடுகிறேன்.

அப்பா லோரி ஓட்டியவர். விமானம் புரளத் தொடங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"நல்ல எஞ்சினையும் குறைக்கணும்பா. மூக்கைக் கீழ இறக்கணும்."

"தரைக்குப் பக்கத்துல இருந்தா?"

"அப்பவும்தான். தலைகீழா விழறதுக்கு, நேரா இறங்கறது மேல்."

"எங்கடா இறங்குவ? இங்க ஈயக்குட்டையும் செம்பனையும்தானே இருக்கு."

"முன்னால என்ன இருக்கோ அதுலப்பா."

அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.