ஐந்து டாலர் பத்திரிகை

1952 இறுதியில் நியூயார்க்கின் 'டெய்லி காம்பஸ்' நாளிதழ் மூடப்பட, செய்தியாளர் ஐ. எஃப். ஸ்டோனுக்கு வேலை போனது. செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கெடுபிடி உச்சத்திலிருந்த நேரம். இடதுசாரிச் சாய்வுள்ள செய்தியாளரை யார் சேர்ப்பார்கள்?

1953 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து தன் பெயரிலேயே நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஐந்து டாலர், விளம்பரம் கிடையாது. நின்றுபோன பத்திரிகைகளின் முகவரிப் பட்டியல்தான் கைமுதல். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் பணம் அனுப்பினார்கள், ஐன்ஸ்டைன் உட்பட. சந்தாக் கணக்கு முழுக்க மனைவி எஸ்தர் தலையில். (இதழ் என்னவோ கணவர் பெயரில்!)

காது சரியாகக் கேட்காததால் பேட்டிகளைவிட அரசு ஆவணங்களைக் குடைவதே ஸ்டோனின் வழக்கம். 1957இல் நெவாடாவில் நடந்த நிலத்தடி அணுச்சோதனையின் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்றது அணுசக்தி ஆணையம். ஸ்டோன் நேரே அரசின் நிலநடுக்க நிபுணர்களிடம் போய்க் கேட்டார். அலாஸ்கா வரை பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று.

வியட்நாம் போர் எதிர்ப்போடு வாசகர்களும் பெருகினார்கள். 1971 டிசம்பரில் இதழை நிறுத்தியபோது சுமார் 70,000 பிரதிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு மனிதர் பண்டைய கிரேக்கம் கற்று, சாக்ரடீஸ் மீதான விசாரணையைக் குடையப் போய்விட்டார்.